அத்தையின் பதிலை நான் கொண்டுபோன நாள்

பதினோராவது வயதில் எனக்கென்று சொந்தமாக இரண்டு கோப்பைகளும் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியும் இருந்தன. மூன்றும் பேசிச் சம்பாதித்தவை. கோப்பைகள் அலமாரியில் இருந்தன; தூக்குவாளியில் அப்பா வேலைக்குச் சோறு கொண்டுபோனார். மகள் பேசிப் பெற்ற பாத்திரத்தில் தாம் சாப்பிடுவதைத் தொழிற்பேட்டையில் ஒருவர் விடாமல் அவர் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போ பாப்பா" என்று நிறுத்துவார். நானும் பேசிவிட்டுத்தான் போவேன். என்ன தலைப்பு என்று கேட்பேனே தவிர, எதற்காக என்று கேட்டதில்லை.

விருத்தாசலத்தில் அந்த ஆண்டுகளில் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறையாவது கடைத்தெருவில் மேடை கட்டி, குழல்விளக்கு எரியவிட்டு, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மூச்சுவிடாமல் சொற்களை அடுக்குவார். பீங்கான் கொட்டகைகளில் வேலை முடித்து வருகிறவர்கள் முழங்கையில் ஒட்டிய வெள்ளை மண்ணைக்கூடக் கழுவாமல் நின்று கேட்பார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் உயர்த்தினால் கைதட்டுவார்கள் என்பதெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுமுன்பே எனக்குப் பிடிபட்டுவிட்டது. பேச்சு என்றால் ஜெயிப்பது. வேறு எதற்காகவும் மனிதர்கள் வாய் திறக்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டில் என் பேச்சைக் கடைசிவரை கேட்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. விருந்தாட வந்தவள் அல்ல. கணவனை விட்டு வந்துவிட்டவள்.

அத்தையை மணந்த மாமா ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். அப்பாவோடு ஒரே கொட்டகையில் அச்சுகளில் பீங்கான் கூழை ஊற்றி வார்க்கும் வேலை. உடன் வேலை செய்பவர், குடி இல்லை, சூதில்லை என்று அப்பாவே பார்த்து முடித்த கல்யாணம். மாமா அதிகம் பேசமாட்டார். பேசத் தெரியாதவர் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அத்தையும் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை செய்தாள். சூளையில் வெந்து வந்த பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். பத்து மாதம்தான் தனி வீடு பிடித்துக் குடியிருந்தார்கள். குழந்தை ஏன் இல்லை என்று யாரும் கேட்கத் தொடங்காத அளவுக்குப் புதிய கல்யாணம்.

பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் மாமாவின் அப்பா இறந்துபோனார். நிலத்தைப் பார்க்க ஆளில்லை, நீ வந்துவிடு என்று மாமாவின் அக்கா சொல்லி அனுப்பினார். மாமா சரி என்றார். கொட்டகை முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டு நின்றுகொண்டார். வீட்டுச் சொந்தக்காரரிடம் காலி செய்வதாகச் சொன்னார். வண்டிக்காரருக்கு ஆள் அனுப்பினார். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு காலையில் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்று, வண்டிக்காரர் அம்மிக்கல்லைப் பெயர்க்க உள்ளே நுழைந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

அத்தை சண்டை போடவில்லையாம். சாமான்களை எல்லாம் ஏற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், தன் தூரிகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். வண்டி ஸ்ரீமுஷ்ணம் போயிற்று. வண்டியோடு மாமாவும் போனார்.

தெருவில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல் அம்மா திண்டாடினாள். குடிக்கிறாரா என்றால் இல்லை. அடித்தாரா என்றால் அதுவும் இல்லை. வேறு பெண் சகவாசமா என்றால், அந்த மனிதர் சொந்தப் பெண்டாட்டியிடமே பேசுவதில்லை. "பின்ன என்னாத்துக்கு வந்துட்டா?" என்று கேட்டால், வாசலுக்கு வண்டி வந்தது, அதனால் வந்துவிட்டாள் என்றா சொல்ல முடியும்? வெயிலுக்கு மயக்கம் வந்தது, உடம்பு தேறியதும் போவாள் என்று அம்மா சொல்லிவைத்தாள். ஒரு மயக்கம் எட்டு மாதம் நீடிப்பதைப் பற்றித் தெரு தன் கருத்தைத் தனியாக வைத்திருந்தது.

எனக்கோ அந்த எட்டு மாதமும் பொற்காலம். அத்தை பொம்மைகளைக் கூடையில் வீட்டுக்கே எடுத்துவந்து கண் எழுதுவாள். நான் எதிரே நின்று பேசுவேன். தூரிகையிலிருந்து பார்வையை எடுக்காமல், பேச்சு நன்றாக அமைந்த இடத்தில் "ம்" என்பாள். "ம்" விழாத வரியை அன்றே அடித்துவிட்டு வேறு எழுதுவேன். நான் வாங்கிய இரண்டாவது கோப்பையில் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு. அடுத்த மாதம் கடலூரில் மாவட்டப் போட்டி வேறு வரவிருந்தது. ஆகவே, அத்தை திரும்பிப் போகவேண்டும் என்று வீட்டில் எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் மட்டும் எதையும் வேண்டிக்கொள்ளாமல் இருந்தேன். இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இப்போது நானே எழுதிவைக்கிறேன்.

எட்டாவது மாதத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வருகிறாளா, இல்லையா? இல்லையென்றால் தீர்த்துவிட்டுத் தம்பிக்கு வேறு இடம் பார்க்கவேண்டும் என்று மாமாவின் அக்கா சொல்லியனுப்பியிருந்தார். கோர்ட்டு, வக்கீல் என்று போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. சேர்வதானாலும் பிரிவதானாலும் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசித்தான். பிரிவது என்று முடிவானால், எல்லார் முன்னிலையிலும் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும். கல்யாணம் அத்துடன் முடிந்தது. துரும்புவரை போகாமல் ஒருமுறை பேசிப் பார்த்துவிடலாம் என்று அப்பா மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பெரியப்பாவைக் கூட்டிவந்தார். அவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்; பெண் எடுத்ததோ மாமாவின் வகையறாவில். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர். முறிந்துபோன குடும்பங்கள் பலவற்றைப் பேசியே ஒட்டவைத்தவர் என்று பெயர்.

இவ்வளவு பெயர் பெற்றவர் பேச்சில் சிங்கமாக இருப்பார் என்று நம்பி, சபை கூடிய ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூடத்தின் தூணருகில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். அதைப் போன்ற ஏமாற்றம் எனக்கு அதற்குமுன் நேர்ந்ததில்லை.

பெரியப்பாவின் பேச்சில் தொடக்கவுரை இல்லை, முடிவுரை இல்லை, ஒரு வாக்கியத்துக்குத் தலையிருந்தால் வால் இல்லை. முதல் ஒரு மணி நேரம், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலைச் செடியில் விழுந்த பூச்சியைப் பற்றியே பேசினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாயில் ஒரு பக்கம் அப்பாவும் எங்கள் உறவினர் இரண்டு பேரும். எதிர்ப்பக்கம் மாமா, அவருடைய அக்கா, அக்காவின் கணவர். மாமாவைத் தவிர எல்லாரும் பூச்சியைப் பற்றித் தத்தம் கருத்தைச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்க் குடித்தேன். பள்ளியில் நேரம் கடந்து பேசுபவரை மணியடித்து உட்காரவைப்பதுபோல இங்கும் யாராவது அடிக்கமாட்டார்களா என்று கை துறுதுறுத்தது.

கடைசியில் ஒருவழியாகப் பூச்சி ஓய்ந்து, விஷயம் தொடங்கியது.

இப்படிப்பட்ட பேச்சுகளில், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பெண் சபையில் உட்காருவதில்லை. அத்தை உள்ளறையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி உள்ளே போகும். பதில் வெளியே வரும். நடுவில் இருப்பவர்தான் இரண்டையும் சுமக்கவேண்டும். பெரியப்பா முழங்கால் வலிக்காரர். தூணைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, உள்ளே போய்க் கேட்டுவிட்டு அதேபோல் திரும்பி வருவார். பொறுக்கமாட்டாமல் நானும் அவர் பின்னாலேயே போய் வந்தேன். அப்படிப் போனதால்தான் அந்த மனிதர் செய்துகொண்டிருந்த அநியாயம் எனக்குத் தெரிந்தது.

மாமாவின் அக்கா வாய் திறந்தால் கேட்கத் தகுந்தவர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "எங்க வூட்டு எருமகூட ஒரு சத்தம் குடுத்தா எழுந்து நடக்குது" என்று அவர் தொடங்கினார். "உங்க பொண்ணுக்கு வெத்தலபாக்கு வெச்சா அழைக்கணும்? வண்டி அனுப்பினோம், ஏறல. ஜங்ஷன் ஊருக்காரங்களாச்சே, ரயிலு அனுப்பினாத்தான் ஏறுவாளோ என்னமோ."

எதிரணியானாலும் ரயில் என்ற இடத்தில் என் கை தட்டுவதற்காகப் பாதி உயர்ந்துவிட்டது. பெரியப்பா இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து உள்ளே போய் அத்தையிடம் சொன்னது ஒரே ஒரு வரி. "வரலியேன்னு வருத்தப்படறாங்கம்மா."

எருமையும் இல்லை, ரயிலும் இல்லை.

அத்தையின் பதிலும் சாதாரணமானதாக இல்லை. மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மொதலாளிகிட்ட சொன்னாரு, வூட்டுக்காரருகிட்ட சொன்னாரு. வண்டி ஓட்ற ஆளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் என்ன, ஏத்திக்கினு போற அம்மிக்கல்லா பெரியண்ணே?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை வெளியே சொன்னால் எதிரணி எழுந்திருக்க முடியுமா? பெரியப்பா வெளியே வந்தார். உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "அதுக்கு மனசு கஷ்டப்பட்டுப்போச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அம்மிக்கல்லை வழியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

இப்படியே நான்கு முறை. இரண்டு பக்கமும் கொடுத்தனுப்பிய நல்ல நல்ல வாதங்களை எல்லாம் அந்த மனிதர் உள்ளறைக்கும் கூடத்துக்கும் இடையில் எங்கேயோ தொலைத்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத அரை வாக்கியத்தை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார். சான்றுகளை விட்டார். உவமைகளை விட்டார். எங்கள் பக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய வெற்றி ஒவ்வொரு நடையிலும் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பேசும் உரிமை இல்லாமல் நின்றேன். தொண்டை அரித்தது. காலை மாற்றி மாற்றி வைத்தேன். அம்மா ஒருமுறை என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். கையை எடுத்ததும் எழுந்துவிட்டேன்.

கூடத்தில் சூடு தணிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமாவின் அக்கா நான்காவது நடைக்குப் பிறகு எருமையைப் பற்றிப் பேசவில்லை. அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். பெரியப்பா ஓர் ஏற்பாட்டைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அறுவடைவரை இரண்டு பேரும் ஸ்ரீமுஷ்ணத்தில் இருப்பது; பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு விருத்தாசலத்துக்கே திரும்புவது; மாமா பழைய கொட்டகையிலேயே வேலைக்குச் சேர முதலாளியிடம் பேசியாயிற்று. மாமாவின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர, மறுக்கவில்லை. மாமா தலையை அசைத்தார். அதுமட்டுமல்ல, பெரியப்பாவின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அன்று காலையிலிருந்து அவர் பேசியது அப்போதுதான். பெரியப்பா அந்த நேரத்தில் அவரைவிட்டு எழ விரும்பவில்லை போலும். சுற்றுமுற்றும் பார்த்தார். நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

"கண்ணு, நீ போயி அத்தைகிட்ட இத சொல்லிட்டு, சம்மதமான்னு கேட்டு வா. அது என்ன சொல்லுதோ அத மட்டும் வந்து சொல்லு."

நான் உள்ளே ஓடினேன்.

ஏற்பாட்டைச் சொன்னேன். அத்தையின் கை நின்றது. "இத அவரு சொன்னாரா, பெரியண்ணன் சொல்றாரா?" என்று கேட்டாள். மாமா தலையாட்டினார் என்றேன். அத்தை முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ இருமுவது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, சீக்கிரம் சொல் என்று அவள் தோளைத் தொட்டேன்.

"சரின்னு சொல்லு" என்றாள். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "ஒரே ஒரு தடவ அவரே வந்து, வான்னு கூப்புடட்டும். வந்துடறேன்."

அவ்வளவுதான் பதில். அதை எடுத்துக்கொண்டு நான் திரும்பினேன்.

உள்ளறைக்கும் கூடத்துக்கும் இடையே ஒன்பது அடி தூரம் இருக்கும். வாசற்படியைத் தாண்டியதும் அத்தனை முகங்களும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. பேச்சு நின்றது. விசிறிகூட நின்றது. பள்ளி ஆண்டுவிழாவில் பெயர் அழைத்து மேடையேறும்போது விழுகிற அதே அமைதி. அந்த அமைதியைப் பார்த்துவிட்டு "சரின்னு சொன்னாங்க" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு உட்காரக்கூடிய பிறவி அல்ல நான். நான் கைகூப்பினேன் என்று அம்மா பின்னாளில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது நினைவில்லை. பேசியது மட்டும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

"என் அத்தை ஏற்றிச் செல்லும் அம்மிக்கல் அல்ல. வண்டிக்காரருக்குச் சொன்ன செய்தியை வாழ்க்கைத் துணைக்குச் சொல்ல வாயில்லாதவர், முதலில் இந்த வாசலில் வந்து, கைகட்டி நின்று, ஊரறியக் கேட்கட்டும். கேட்ட பிறகு, வருவதா வேண்டாமா என்பதை என் அத்தை யோசித்துச் சொல்வார்."

இதில் பொய் என்று எதைச் சொல்வது? அம்மிக்கல் அவள் சொன்னது. வண்டிக்காரர் அவள் சொன்னது. வந்து கூப்பிடட்டும் என்பதும் அவள் சொன்னதே. கையைக் கட்டியதும், ஊரைக் கூட்டியதும், "சரி" என்பதை விட்டுவிட்டதும் மட்டும்தான் நான்.

கைதட்டல் எழவில்லை. நான் காத்திருந்தேன்.

"கேட்டுக்கினியாடா" என்றார் மாமாவின் அக்கா. குரலை அவர் உயர்த்தவே இல்லை. "கைகட்டி நிக்கணுமாம். அதுக்கப்புறம் யோசிப்பாங்களாம்."

மாமா எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். உள்ளறைக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கதவு அசையவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார். பின்னாலேயே அவருடைய அக்காவும், அக்காவின் கணவரும்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "கண்ணு, அத்தை இதையேவா சொன்னா?"

"பொருள் அதுதான் பெரியப்பா" என்றேன்.

அவர் முழங்கால் வலியை மறந்தவராக எழுந்து, பஸ் நிலையத்துக்குப் போகிற பாதையில் அவர்களைத் துரத்திக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். அத்தை சொன்னதை அம்மாதான் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றாள். "சோறு ஆறுது அண்ணி, எல்லாரையும் சாப்புடச் சொல்லுங்க" என்பதைத் தவிர அத்தையிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை. அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும். ஒன்பது அடி தூரம். என் குரலோ கடைத்தெருவின் கடைசிவரை எட்டக்கூடியது. ஆனாலும் என்னை அவள் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளாததால், என் பேச்சு அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். அன்று மாலையே கடலூர்ப் பேச்சின் முதல் பத்தியை எழுதத் தொடங்கிவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். பள்ளி அரைநாள் விட்ட ஒரு சனிக்கிழமை. அப்பா வேலையில் இருந்தார். அம்மா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். அத்தை கூடத்தில் பொம்மைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் நடந்துகொண்டே பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மாமா. தனியாக வந்திருந்தார். அக்கா இல்லை, பெரியப்பா இல்லை.

உள்ளே வரவில்லை. உட்காரச் சொன்னதற்கும் தலையை மட்டும் அசைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது; பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்கிற மரியாதையில் நான் செம்பும் டம்ளருமாகப் போனேன். டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அத்தை எழுந்து நின்றாள். விரலிடுக்கில் தூரிகை இருந்தது. நான் இருவருக்கும் நடுவில் செம்போடு நின்றேன். இவர் என்னத்துக்கு வந்திருக்கிறார் என்பது, அவர் பார்வை ஒருமுறை என்மேல் பட்டு நகர்ந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமா அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்குப் பாப்பா வந்து சொன்னது... அது நீ சொல்லி அனுப்புனதா?"

மாமா அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அத்தை உடனே பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. நான் சொன்னதுதான்."

மாமா தலையை அசைத்தார். டம்ளரிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்தார். "போயிட்டு வரேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தெருவில் அவர் போவதை, திரும்பிப் பார்க்கிறாரா என்று நான்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பார்க்கவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "கடலூரு பேச்ச எடு, கேக்கறேன்" என்றாள். தப்பித்தேன் என்ற மகிழ்ச்சியில், தொடக்கம் முதல் இறுதிவரை, ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தாமல் பேசினேன். அன்று ஒரு "ம்"கூட விழவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

கடலூரில் முதல் பரிசு எனக்குத்தான்.

தை பிறந்ததும் பெரியப்பா மறுபடி வந்தார். இந்த முறை பூச்சியைப் பற்றிய பேச்சு எழவில்லை. அத்தையையும் கூடத்துக்கு அழைத்தார்கள். சம்மதமா என்று கேட்பதற்கு ஆள் நேரில் வேண்டியதில்லை. துரும்பு கிள்ளுவதற்கு மட்டும் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்த வைக்கோல் அறுந்தபோது, அதில் சத்தமே வரவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு சத்தமாவது வேண்டாமா?

மாமாவுக்கு மறுவருஷமே ஸ்ரீமுஷ்ணத்தில் வேறு கல்யாணம் ஆயிற்று. அத்தை தொழிற்பேட்டைக்கே திரும்பினாள். இப்போது கண் எழுதும் பெண்கள் எட்டுப் பேருக்கு அவள்தான் மேஸ்திரி. தனி வீடு பார்த்துக்கொண்டாள். நான் கல்லூரிக்குப் போய், மேடைகள் பெரிதாகி, கோப்பைகள் வைக்க இடம் போதாமல் ஆனபிறகு, ஒரு விடுமுறையில் அவளிடம் கேட்டுவிட்டேன். அன்று மாமாவிடம் ஏன் அத்தை அப்படிச் சொன்னாய் என்று. அவள் சிரித்தாள். "உன் பேச்சு நல்லாத்தானே இருந்துச்சு. எனக்கே கேக்கப் புடிச்சுது" என்றாள். அது மன்னிப்பா, உண்மையா, அல்லது நான் தூங்கவேண்டுமே என்று சொன்னதா? ஆயிரம் பேர் கொண்ட அவையில் எதிரணியின் முகத்தைப் பார்த்து அடுத்த வாதத்தைக் கணித்துவிடுகிற எனக்கு, அத்தையின் முகத்தில் ஒன்றையும் வாசிக்கத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையை விட்டு என்னால் வரமுடியவில்லை. மாமா கேட்டதற்கும் அத்தை பதில் சொன்னதற்கும் இடையே இருந்த அந்தச் சிறிது நேரத்தை இப்போதும் முன்னும் பின்னும் நடந்து அளந்துகொண்டிருக்கிறேன். "இல்லை மாமா, அவை என் சொற்கள், அத்தை சரி என்றுதான் சொன்னாள்" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். அவர் என்னை ஒன்றும் செய்திருக்கமாட்டார். அத்தை அவருக்குப் பதில் சொல்லுமுன் என் பக்கம் திரும்பியது, அதை நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான். நான் சொல்லாவிட்டால் என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று, எனக்காக அத்தனை நேரம் காத்திருந்தாள். அது எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் எனக்குப் பேச வாய் வராமல் போனது. அதுகூட எனக்குத் தெரியவில்லை. என் பேச்சை நினைத்துப் பெருமையோடுதான் பார்க்கிறாள் என்று எண்ணி, செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.